திரும்பி வந்த நெறி

(திண்டுக்கல்லில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புற்றுநோய் பற்றி எல்லோருக்கும் புரியும்படி ஏதாவது பேசுங்கள் என்று கேட்டார்கள். புகையிலை, முன்கூட்டிய பரிசோதனை என்று பேச இந்த ஊரிலேயே தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை.

கேட்டவர் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கியவர். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். கழுத்தில் நெறி கட்டி, அது லிம்போமா என்று தெரிந்து, வேறோர் ஊரில் கீமோ ஏற்றிக்கொண்டு, நெறி கரைந்து, சந்தைக்குத் திரும்பிப் பழையபடி தக்காளிப் பெட்டி சுமந்தவர். பதினான்காவது மாதத்தில் கழுத்தின் அதே பக்கத்தில் மறுபடியும் கைக்குத் தட்டுப்பட்டது. மஞ்சள் பை நிறையக் காகிதங்களோடு மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். "திரும்ப வந்திருச்சு சார்" என்றார் அந்த அம்மா.

இரண்டாவது சிகிச்சை பற்றி அவர்களுக்கு விளக்கினேன். இந்த இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம், இல்லையென்றால் அந்த மூன்றைச் சேர்த்துக் கொடுக்கலாம், எது கேட்கிறதென்று பார்ப்போம் என்றேன். "பார்ப்போம்" என்ற சொல்லை அவர் பிடித்துக்கொண்டார். "அப்ப என்னைய வச்சுப் பாக்கப் போறீகளா சார்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "சேச்சே, அப்படியெல்லாம் இல்லண்ணே" என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னது உண்மையில்லை.

லிம்போமா என்பது நிணநீர்ப் புற்று. கிருமிகளோடு சண்டை போட நம் உடம்பு வைத்திருக்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை, கட்டுப்பாடில்லாமல் பெருகி நெறிகளில் குவிவது. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். புண் ஆறினால் நெறியும் அடங்கும். அடங்காமல், வலிக்காமல், வாரக்கணக்கில் வளர்கிற நெறிதான் கவலைக்குரியது. கூடவே மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு. நம் பக்கத்தில் இந்த அறிகுறிகளைப் பார்த்ததும் காசநோய் என்றே மனம் ஓடும். காசநோய் மலிந்த நாட்டில் அது இயல்புதான். ஆனால் நெறியை எடுத்துச் சோதிக்காமலே ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்து, அதன் பிறகு வந்து சேர்ந்த லிம்போமா நோயாளிகளை நான் வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன்.

லிம்போமாவில் பல வகைகள் உண்டு. வேகமாக வளரும் பெரிய பி-செல் வகையைத்தான் இன்று பெரும்பாலும் பேசப்போகிறேன். அதற்கு உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் முதல் சிகிச்சைக்கு ஆர்-சாப் என்று பெயர். ரிட்டுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடு, டாக்சோரூபிசின், வின்கிரிஸ்டின் என்ற நான்கு மருந்துகளோடு பிரெட்னிசோலோன் மாத்திரை. நூறு பேரில் ஏறத்தாழ 60 பேர் இதிலேயே குணமாகிவிடுகிறார்கள். மற்றவர்களில் சிலருக்கு நோய் அடங்குவதே இல்லை. பலருக்கு அடங்கித் திரும்புகிறது. திரும்புவதும் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்.

ரசாயன மருந்தால் புற்றுநோயைக் கரைக்கலாம் என்று உலகம் முதலில் கண்டதே ஒரு லிம்போமா நோயாளியிடம்தான். 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் என்ற இருவர், போருக்கென ஆராயப்பட்ட கடுகு வாயுவின் உறவு மருந்து ஒன்றை ஒரு நோயாளிக்கு ஏற்றினார்கள். தாடையையும் மார்பையும் அடைத்திருந்த கட்டிகள் சில நாள்களில் உருகின. எல்லோரும் வியந்தார்கள். சில வாரங்களில் கட்டிகள் திரும்பி வந்தன. இரண்டாம் முறை மருந்து குறைவாகவே கேட்டது; மூன்றாம் முறை கேட்கவே இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் நோயாளி இறந்தார். கீமோவின் வரலாறு தொடங்கியபோதே நோய் திரும்பும் வரலாறும் தொடங்கிவிட்டது.

ஏன் திரும்புகிறது? வேடசந்தூர் பக்கத்து விவசாயி யாரையும் கேளுங்கள், சொல்லிவிடுவார். ஒரே பூச்சிமருந்தை வருடக்கணக்கில் அடித்தால் பூச்சி பழகிவிடும். சரியாகச் சொன்னால், பழகுவதில்லை. அந்த மருந்துக்குச் சாகாத நாலு பூச்சி முதலிலேயே கூட்டத்துக்குள் இருந்திருக்கும். மற்றவை செத்த பிறகு வயல் அந்த நாலின் சந்ததிக்குச் சொந்தமாகிவிடும். கட்டியிலும் இதுவே நடக்கிறது. வேலை செய்யும் விதத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பியது மற்றதில் மாட்டும். அதற்காகக் கடையில் உள்ள எல்லாவற்றையும் ஒரே டேங்க்கில் கலந்து அடித்தால் என்ன ஆகும் என்பதும் விவசாயிக்குத் தெரியும். பூச்சியோடு இலையும் கருகும்.

இந்தப் பாடத்தைப் புற்றுநோய் மருத்துவம் காசநோய் மருத்துவத்திடமிருந்தே கற்றது. அந்தப் பாடத்தில் சென்னைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இடநெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் ஐசோனியசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகளின் அதே சேர்க்கை. ஒரு பிரிவு சானடோரியத்தில் தங்கியது. மற்றது வீட்டிலேயே இருந்தது. 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள். உலகத்தின் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியமான காரணம். ஏழைக்கு ஏற்ற ஒரு கேள்வியை ஏழையின் வீட்டு வாசலிலேயே கேட்ட ஆய்வு அது. நான் கடைசியில் சொல்லப்போவதற்கும் இதுவே அடிப்படை என்பதால் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கை மருந்தில் வின்கிரிஸ்டின் என்று ஒன்றைச் சொன்னேனே, அது நம் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. சுடுகாட்டு மல்லி என்று நீங்கள் அழைக்கும் அதே செடி. பூர்வீகம் மடகாஸ்கர். ஆடு தின்னாது, தண்ணீர் கேட்காது. நம் தென் மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியில் பயிராகவும் விளைந்தது. 1950களில் கனடாவில் நோபிள், பீர் என்ற ஆய்வாளர்கள் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடி அதன் இலைச் சாற்றைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. அங்கிருந்து வின்பிளாஸ்டின் வந்தது. அடுத்து, வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து வின்கிரிஸ்டின் வந்தது. ஒட்டன்சத்திரத்து அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது. தங்கள் ஊர் மயானத்து ஓரத்தில் அது கிடக்கிறது என்றார்.

மருந்துகளைச் சேர்ப்பது நல்லதென்றால், இன்னும் நிறையச் சேர்ப்பது இன்னும் நல்லது அல்லவா? 1980களில் லிம்போமா மருத்துவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். ரிட்டுக்சிமாப் வருமுன் இருந்த, நான்கு மருந்துகள் கொண்ட சாப் பழையதாகிவிட்டது என்று ஆறு, எட்டு மருந்துகளைக் கோத்துப் புதிய திட்டங்கள் வந்தன. ஒவ்வொரு மையமும் தன் திட்டத்தில் அதிகம் பேர் பிழைப்பதாகக் கட்டுரை எழுதியது. பிறகு அமெரிக்காவில் 899 நோயாளிகளை நான்கு பிரிவாகப் பிரித்து நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 1993இல் முடிவு வந்தது. மூன்று ஆண்டு முடிவில் நான்கு பிரிவிலும் ஏறக்குறையப் பாதிப் பேர் உயிரோடு இருந்தார்கள், வேறுபாடு இல்லை. மருந்தின் நஞ்சால் இறந்தவர்களில்தான் வேறுபாடு. சாப் பிரிவில் நூற்றுக்கு 1, மிகக் கடுமையான திட்டத்தில் நூற்றுக்கு 6. முந்தைய கட்டுரைகள் பொய் எழுதவில்லை. பெரிய மையங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் இளையவர்களாக, திடமானவர்களாக இருந்தார்கள், அவ்வளவுதான். ஒப்பிடாமல் நம்புவது எத்தனை உயிரை வாங்கும் என்று மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

அந்தப் பழைய சாப்போடு ரிட்டுக்சிமாப் என்ற ஒரே ஒரு புதிய மருந்தைச் சேர்த்து பிரான்சு மருத்துவர்கள் 399 முதியவர்களிடம் ஒப்பிட்டார்கள். நோய் முழுதாக மறைந்தவர்கள் நூற்றுக்கு 63இலிருந்து 76 ஆனார்கள். பல மருந்துகளைக் கூட்டியபோது கிடைக்காதது ஒரு மருந்தில் கிடைத்தது. காரணத்தை 2019இல் பால்மர், சோர்கர் ஆகியோரின் ஆய்வு தெளிவாக்கியது. ஆர்-சாப்பில் உள்ள மருந்துகள் ஒன்றையொன்று தூண்டிவிட்டு மாயம் செய்வதில்லை. ஒன்றுக்குத் தப்பும் அணு மற்றொன்றுக்கும் தப்புவது அரிது, அதுவே அதன் பலம். கூட்டாளிகள் எத்தனை பேர் என்று எண்ணுவதைவிட, அவர்கள் ஒரே ஓட்டையை அடைக்கிறார்களா, வேறு வேறு ஓட்டைகளை அடைக்கிறார்களா என்று பார்ப்பதே முக்கியம்.

இனி, திரும்பி வந்த நோய்க்கு வருவோம். 1995இல் வெளியான பார்மா ஆய்வு இதில் முதல் மைல்கல். இரண்டாம் கட்ட மருந்து கேட்ட 109 பேரில் பாதிப் பேருக்கு அதே மருந்தைத் தொடர்ந்தார்கள். மற்றவர்களுக்கு மிக அதிக அளவில் கீமோ கொடுத்து, முன்பே எடுத்துவைத்திருந்த அவர்களுடைய எலும்பு மஜ்ஜையைத் திருப்பி ஏற்றினார்கள். ஐந்து ஆண்டு கழித்து நோய் தலைகாட்டாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 12, இரண்டாவதில் 46. அன்றிலிருந்து வழி இதுதான்: ஒரு சேர்க்கை மருந்தால் கட்டியைச் சுருக்கு, சுருங்கினால் மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் போ.

எந்தச் சேர்க்கையால் சுருக்குவது? கோரல் என்ற ஆய்வு 396 பேரிடம் இரண்டு பெரிய சேர்க்கைகளை ஒப்பிட்டது. ஒன்றில் 63.5 சதவீதத்தினருக்கு மருந்து கேட்டது, மற்றதில் 62.8 சதவீதத்தினருக்கு. சமம். பலருக்கு இது சலிப்பூட்டும் முடிவு. எனக்கு அப்படியில்லை. இரண்டும் சமம் என்றால், எது மலிவு, எது வீட்டுக்குப் போய்வரத் தோதானது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்குக் கிடைக்கிறது.

அந்த உரிமையை வெளிப்படையாகவே சோதித்தது, கனடா நாட்டு மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு. 619 நோயாளிகள். ஒரு பக்கம் மருத்துவமனையில் தங்கி ஏற்றிக்கொள்ளும் டிஹாப் என்ற பழைய சேர்க்கை. மறுபக்கம் ஜெம்சிட்டாபின், டெக்சாமெத்தசோன், சிஸ்பிளாட்டின் சேர்ந்த ஜிடிபி. காலையில் வந்து ஏற்றிக்கொண்டு மாலையில் வீட்டுக்குப் போகலாம். மருந்து கேட்டவர்கள் ஜிடிபியில் நூற்றுக்கு 45, டிஹாப்பில் 44. ஜிடிபியில் நச்சு விளைவும் குறைவு, மருத்துவமனையில் சேர வேண்டிய தேவையும் குறைவு. மூன்று மருந்துகளும் இந்தியாவிலேயே தயாராகின்றன. சென்னை நமக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல். கட்டில் கிடைக்கும்வரை வராந்தாவில் படுத்திருக்கும் குடும்பங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "காலையில் வந்து மாலையில் போகலாம்" என்ற முடிவு அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புதிய மருந்துகளும் வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2024இல் வைப்பர் என்ற ஐந்து மருந்துச் சேர்க்கையை வெளியிட்டது. வெனிட்டோகிளாக்ஸ், இப்ருட்டினிப், பிரெட்னிசோன், ஒபினுடுசுமாப், லெனாலிடோமைடு. ஒவ்வொன்றும் புற்றணு உயிர் பிழைக்க நம்பியிருக்கும் வேறு வேறு வழியை அடைக்கிறது. முதலில் ஒரு மருந்தின் அளவை மட்டும் சிலரிடம் படிப்படியாக உயர்த்தி, தாங்குகிறதா என்று பார்த்தார்கள். அதன் பிறகே மற்றவர்களைச் சேர்த்தார்கள். மொத்தம் 50 பேர். பலர் ஏற்கெனவே பல சிகிச்சைகளைக் கடந்தவர்கள். மதிப்பிட முடிந்த 48 பேரில் 38 சதவீதத்தினருக்கு நோய் முழுதாக மறைந்தது. இரண்டு ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 36. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் ஒப்பிட இன்னொரு பிரிவு இல்லாத, 50 பேர் ஆய்வு. 1980களில் எட்டு மருந்துத் திட்டங்களும் இந்த நிலையில்தான் கைதட்டல் வாங்கின என்பதை மறக்கக் கூடாது.

நம் நாட்டிலும் வாசல் திறந்திருக்கிறது. ரிட்டுக்சிமாப்பின் நகல் மருந்தை உலகில் முதலில் கொண்டுவந்தது இந்தியா, 2007இல். மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற உயிரணு சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்கிறார்கள். அந்தப் பத்தில் ஒரு பங்கும் மூட்டை தூக்குகிறவர் வாழ்நாளில் சேமிக்க முடியாத தொகை. எனவே மலிவான மருந்துச் சேர்க்கைகளைச் சோதிக்க வேண்டிய கடமை நம்மை விட்டுப் போகவில்லை.

இதையெல்லாம் திண்டுக்கல்லில் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்த மாவட்டம் ஏற்கெனவே உலகத்துக்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறது. அம்பிளிக்கையில் இருந்த கிறிஸ்தவ சமூக நல மையம் 1990களின் நடுவில், அடையாறு புற்றுநோய் மையத்தின் துணையோடு, மாவட்டத்துக்கான புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. கிராமம் கிராமமாகப் போய் நோயையும் இறப்பையும் எழுதினார்கள். அந்தப் பதிவேட்டின் மேல் நின்றுதான், 2000ஆம் ஆண்டு முதல் கருப்பைவாய்ப் புற்றுக்கான ஆய்வு நடந்தது. மாவட்டத்தின் 114 ஊர்த் தொகுதிகள் குலுக்கல் முறையில் 57, 57 என்று பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் வினிகர் போன்ற நீர்த்த அமிலத்தைத் தடவி, கண்ணால் பார்த்துப் பரிசோதித்தார்கள். அந்தப் பிரிவின் 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். பூப்பறிக்கும் பெண்களும் மில்லுக்குப் போகும் பெண்களும்தான். லான்செட் இதழில் 2007 ஆகஸ்டில் முடிவு வந்தது. ஒரே ஒரு முறை பார்த்ததற்கே நோய் 25 சதவீதம் குறைந்தது, சாவு 35 சதவீதம் குறைந்தது. உலக நாடுகள் அந்த எண்ணை இன்றும் மேற்கோள் காட்டுகின்றன. திண்டுக்கல் என்ற பெயர் பூட்டையும் பிரியாணியையும் அறியாத மருத்துவர்களுக்கும் அதனால் தெரியும்.

அந்த ஆய்வு பற்றி மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒப்பீட்டுப் பிரிவில் இருந்த 30,958 பெண்களுக்குப் பரிசோதனை செய்யாமல் விட்டது நியாயமா என்று பின்னாளில் மருத்துவ அறவியல் அறிஞர்கள் கடுமையாகக் கேட்டார்கள். கேட்டது சரி என்பதே என் எண்ணம். பயன் தரும் என்று முன்பே தெரிந்த ஒன்றைத் தள்ளிவைத்து ஒப்பிடக் கூடாது. திரும்பி வந்த லிம்போமாவுக்கு நாம் நடத்தும் எந்த ஆய்விலும் வெறுங்கையோடு நிற்கும் பிரிவு இருக்கக் கூடாது. இன்று கிடைக்கும் நல்ல சிகிச்சையோடுதான் புதியது போட்டியிட வேண்டும். சட்டமும் இப்போது ஓரளவு துணைக்கு இருக்கிறது. 2009 ஜூன் 15 முதல் மருந்து ஆய்வுகளை நாட்டின் பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் நோயாளியின் உரிமை. கையெழுத்து வாங்குமுன் இதைத் தமிழில், நிதானமாக, வீட்டாரை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

ஒட்டன்சத்திரத்து அண்ணனின் கதையை முடிக்கிறேன். மறுபடி நெறியை எடுத்துச் சோதித்தோம், அதே லிம்போமாதான். மருந்தைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது மஞ்சள் பையைத் தட்டிப் பார்த்தேன். ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், பஸ் டிக்கெட்டுகள். முதல் மருத்துவமனையின் சீட்டில் "கீமோ கொடுக்கப்பட்டது" என்று ஒரே வரி. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை முறை, எதுவும் இல்லை. டாக்சோரூபிசின் என்ற சிவப்பு ஊசி வாழ்நாள் முழுதும் சேர்த்து ஓர் அளவைத் தாண்டினால் இதயத்தைக் கெடுக்கும். உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரைதான் வழக்கமான எல்லை. அவருக்கு எவ்வளவு ஏறியிருந்தது என்று தெரியாததால் அந்த வகை மருந்து எதையும் தொடவே துணியவில்லை. ஜெம்சிட்டாபின் சேர்க்கையைக் கொடுத்தோம். நெறி நன்றாகச் சுருங்கியது. மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பணமும் இடமும் தேடிக்கொண்டிருந்தபோதே, ஒன்பதாம் மாதத்தில் மறுபடி வந்தது. அவர் வீட்டிலேயே இறந்தார்.

என் மனதை இன்றும் அறுப்பது இதுதான். அவருக்கு எது கேட்டது, எத்தனை மாதம் கேட்டது, எது கேட்கவில்லை என்பது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவரை வைத்துப் பார்க்கத்தான் செய்தோம். பார்த்ததை எழுதாமல் விட்டோம். அவருக்கு அடுத்து அதே நெறியோடு வந்தவருக்கு அவர் விட்டுப்போன பாடம் கிடைக்கவில்லை. இன்று அவர் கேட்டால் சொல்வேன்: "ஆமாண்ணே, பாக்கத்தான் போறோம். ஒங்களுக்கு மருந்து கட்டாயம் உண்டு. பாத்தத எழுதி வைப்போம், ஒங்களுக்குப் பின்னால வர்றவுகளுக்கு ஆகும். ஒங்களுக்கு இஷ்டம் இல்லைன்னாலும் வைத்தியம் நிக்காது."

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். மதுரை அறுபத்தைந்து கிலோமீட்டர். வேலூரும் சென்னையும் தொலைபேசி தூரம். சேர்ந்து நடத்தும் ஆய்வில் ஒரு சிறு மையமாக நம் ஊர் இருக்கலாம். மருந்தை அங்கே முடிவு செய்து இங்கே ஏற்றலாம். அதற்குத் தேவை பெரிய கட்டடம் இல்லை: நெறியை முறையாக எடுத்துப் பதப்படுத்தும் ஒருவர், நோயாளியைத் தொலைபேசியில் தொடரும் ஒரு செவிலியர், நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் பஸ் கட்டணம். இந்த அறக்கட்டளையின் வட்டிப் பணத்தில் ஒரு பகுதியை அந்தப் பஸ் கட்டணத்துக்கு ஒதுக்குமாறு அதை நிறுவிய குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருக்காவது கீமோ நடந்திருந்தால், எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தயங்காமல் கேளுங்கள், கொடுக்க வேண்டியது எங்கள் கடமை. குணமாகிவிட்டது என்று அந்த மஞ்சள் பையைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.